விமானத்துக்குள் ஒரு டீக்கடை பாய்லர்



இந்தக் கட்டுரையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை, தண்டனையாக எழுதுகிறேன். ஆனால் எழுதத் தொடங்கிய பிறகு, தண்டனை என்பதையே மறந்துவிட்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகிவிட்டது. பொறுமையாக நின்று படிக்கவும்.

தண்டனை எப்படிக் கிடைத்தது?

ஜனவரியில் நம் பள்ளியிலிருந்து கொடைக்கானல் சுற்றுலா போனோம் அல்லவா? ஆலங்குளத்துக்காரர்களான நமக்கு உண்மையான குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. மார்கழி காலையில் கோலம் போட வரும் அம்மாக்கள் தலையில் துண்டு கட்டினாலே, "என்னா குளிரு!" என்று சொல்லிவிடுவோம். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குப் பல் எல்லாம் தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

எங்கள் அறையில் ஆறு பேர். சமையல் அண்ணன் வேலை முடித்துவிட்டுப் போனபின், வெளியே அவருடைய கரி அடுப்பில் கங்கு சிவப்பாகக் கிடந்தது. நானும் இன்னொருவனும் அதைத் துணியால் பிடித்துத் தூக்கி அறைக்குள் கொண்டுவந்து வைத்தோம். கதவைச் சாத்தி, ஜன்னல் இடுக்கில் துண்டைச் செருகினோம். என்ன சுகம்! எல்லோரும் கையை நீட்டிக் காய்ந்துகொண்டே கதை பேசினோம்.

கொஞ்ச நேரத்தில் அறிவியல் சார் ரவுண்டு வந்தார். கதவைத் திறந்தவர் அடுப்பைப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசாமல் அடுப்பைத் தூக்கி வெளியே வைத்தார், ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டார், எங்கள் ஆறு பேரையும் கம்பளியோடு வராண்டாவில் உட்கார வைத்தார். அதற்குப் பிறகு விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது.

நான் சும்மா இருந்திருக்கலாம். "சார், புகையே வரலையே சார்" என்றேன்.

"புகை வந்திருந்தா நீயே எந்திரிச்சு ஓடியிருப்ப. வரலைங்கிறதுதான்டா பயம்" என்றார் சார்.

எனக்கு அப்போது புரியவில்லை. கோபமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் தலை கனமாக இருந்தது, தூக்கம் கெட்டதால் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டிரைவர் அண்ணன் பக்கத்தில், இன்ஜின் பானட் மேல் போய் உட்கார்ந்துகொண்டேன். கதகதப்பாக இருந்தது. சார் என்னைப் பார்த்து, "இந்தச் சூடு எங்கருந்து வருது?" என்று கேட்டார்.

"இன்ஜின்லருந்து சார்."

"இன்ஜின்ல புகையும் வருதே, அது ஏன் உன் மூக்குக்கு வரல?"

பதில் தெரியாமல் முழித்தேன். சார் சிரித்துவிட்டார். "நீ பைலட் ஆகணும்னு சொல்லிக்கிட்டே திரியிறல்ல? சின்ன விமானத்துல குளிருக்கு என்ன செய்றாங்கன்னு கண்டுபிடி. சுவர் இதழுக்கு எழுதிக் குடு. அதுதான் உனக்குத் தண்டனை."

இனி கட்டுரைக்கு வருகிறேன்.

மேலே போகப் போக ஏன் குளிர்கிறது?

மேலே போனால் சூரியனுக்குப் பக்கத்தில் போகிறோம், அப்படியானால் சுட வேண்டும்தானே என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை வேறு. சூரிய வெளிச்சம் காற்றை நேரடியாக அதிகம் சூடாக்குவதில்லை. முதலில் தரை சூடாகிறது, தரையைத் தொட்ட காற்று சூடாகிறது, அது மேலே எழும்புகிறது. மேலே அழுத்தம் குறைவு. அதனால் காற்று விரிகிறது, விரியும்போது குளிர்ந்துவிடுகிறது. சராசரியாக 1,000 மீட்டர் ஏறினால் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும்.

ஒரு கணக்குப் போடுவோம். நம்மூரில் தை மாதக் காலையில் 21 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். நம் தலைக்கு நேர் மேலே 3,000 மீட்டரில் ஒரு சின்ன விமானம் பறக்கிறது. 6.5-ஐ 3-ஆல் பெருக்கினால் 19.5. கழித்தால் மிச்சம் ஒன்றரை டிகிரி! ஆலங்குளத்துக்கு மேலேயே ஐஸ் பெட்டி மாதிரிக் குளிர் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

நம்மூருக்கே இப்படி என்றால், லடாக்கில் இருக்கும் லே எப்படி இருக்கும்? அந்த விமான நிலையமே 3,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங் ஒரு டகோட்டா விமானத்தை அங்கே முதன்முதலாக இறக்கினார். உள்ளே காற்றழுத்தம் ஏற்றும் வசதி இல்லாத விமானம் அது. இமயமலையைத் தாண்டித்தான் போக வேண்டும். கோடையிலேயே அப்படி. குளிர்காலத்தில் லேயில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும்.

விமானம் கண்டுபிடித்த அன்றைக்கே குளிர் ஒரு பிரச்சினையாக இருந்திருக்கிறது. ரைட் சகோதரர்கள் முதலில் பறந்த 1903 டிசம்பர் 17 அன்று கடும் குளிர்க் காற்று. வேலை செய்யக் கை வராமல் அடிக்கடி கொட்டகைக்குள் போய், கார்பைடு தகர டின்னில் தாங்களே செய்த அடுப்பில் குளிர் காய்ந்துவிட்டு வந்தார்கள். அப்புறம் பல வருடங்கள் விமானிகள் திறந்த இருக்கையில், தோல் சட்டையும் ரோமம் வைத்த தொப்பியும் போட்டுக்கொண்டுதான் பறந்தார்கள். பிறகு மூடிய அறை வந்தது. ஆனால் மெல்லிய அலுமினியத் தகட்டுச் சுவர், அதற்கு வெளியே மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஐஸ் காற்று. கதவு இடுக்கு வழியாக உள்ளேயும் ஊசி மாதிரிக் குத்தும். சூடு வைக்காவிட்டால் விரல் மரத்துப்போகும், கண்ணாடியில் பனி படிந்து வெளியே தெரியாது. ஆகவே இது சொகுசுக்காக இல்லை, பாதுகாப்புக்காகவே தேவை.

சூடு எங்கிருந்து எடுக்கிறார்கள்?

இங்கேதான் எனக்கு ஆச்சரியம். சின்ன விமானத்தில் தனியாக ஹீட்டர் கிடையாது, கரண்டு ஹீட்டரும் கிடையாது. வீணாய்ப் போகும் சூட்டைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

இன்ஜினில் 100 ரூபாய்க்குப் பெட்ரோல் ஊற்றினால், ஏறக்குறைய 30 ரூபாய்க்குத்தான் விசிறியைச் சுற்றும் வேலை நடக்கிறது. மிச்சம் எல்லாம் வெப்பமாகப் போகிறது, அதில் பெரிய பங்கு புகைக் குழாய் வழியாக. இன்ஜினை விட்டு வெளியே வரும் புகை 700 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அந்தச் சூட்டை வெளியே விடுவானேன் என்று யோசித்திருக்கிறார்கள்.

எப்படி என்று புரிய, நம் பஸ் ஸ்டாப் அண்ணாச்சி டீக்கடைக்குப் போவோம். அங்கே பெரிய பாய்லர் இருக்கிறதே, அதன் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் ஒரு குழாய், அதற்குள் கரி எரியும். குழாயைச் சுற்றித் தண்ணீர் இருக்கும். நெருப்பு தண்ணீரைத் தொடுவதே இல்லை, ஆனால் தண்ணீர் கொதிக்கிறது. நடுவில் இருக்கும் தகடு சூட்டை மட்டும் கடத்துகிறது, கரியையும் சாம்பலையும் தடுத்துவிடுகிறது.

விமானத்திலும் அதே பாய்லர்தான்! கரிக்குப் பதில் இன்ஜின் புகை, தண்ணீருக்குப் பதில் காற்று. புகை போகும் சைலன்சர் மேல் ஒரு தகட்டு உறை போட்டிருக்கிறார்கள். விமானத்தின் மூக்கு வழியாக நுழையும் சுத்தமான குளிர்ந்த காற்று ஒரு குழாயில் வந்து, சைலன்சருக்கும் உறைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் சுற்றிப் போகும். போகும்போது சூடாகிவிடும். பிறகு இன்ஜினையும் விமானி அறையையும் பிரிக்கும் நெருப்புத் தடுப்புச் சுவரில் உள்ள கதவு வழியாக உள்ளே வரும். கொஞ்சம் கால் பக்கம் போகும், கொஞ்சம் முன் கண்ணாடிக்குப் போய்ப் பனியை நீக்கும்.

விமானியின் முன்னால் ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால் கதவு திறந்து சூடான காற்று வரும், தள்ளினால் அடைபடும். அருகிலேயே இன்னொரு குமிழ், அது குளிர்ந்த காற்றுக்கு. குளிக்கும்போது வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் விளாவுகிற மாதிரி இரண்டையும் விளாவிக்கொள்ள வேண்டியதுதான்.

உலகத்தில் அதிகமாகச் செய்யப்பட்ட விமானம் செஸ்னா 172. 1955-இல் முதலில் பறந்தது, இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். அதிலும் இந்த முறைதான். விமானப் பயிற்சிப் பள்ளிகளில் பலர் முதன்முதலில் ஏறுவது இந்த மாதிரிச் சின்ன விமானத்தில்தான்.

ஒரு குறை உண்டு. முன்னால் இருப்பவருக்கு முட்டி வெந்துவிடும், பின் சீட்டில் இருப்பவர் நடுங்குவார். அதனால் குளிர்நாட்டு விமானிகள் கதவு ரப்பரைச் சரிபார்ப்பார்கள், கம்பிகள் நுழையும் ஓட்டைகளை அடைப்பார்கள், பின்னால் கம்பளி வைப்பார்கள். ஹீட்டர் இருக்கிறதே என்று மெல்லிய சட்டையோடு ஏறக்கூடாது என்பது அவர்கள் பழக்கம். வழியில் எங்கேயாவது வயலில் இறங்க நேர்ந்தால் அங்கே ஹீட்டர் இருக்காது அல்லவா?

மற்ற விமானங்களில் எப்படி?

கார், சில டீசல் விமானங்கள்: இன்ஜினைச் சுற்றி ஓடும் சுடுநீரிலிருந்து சூட்டை எடுக்கிறார்கள். புகைக்கும் நமக்கும் நடுவில் தண்ணீர் காவல் இருப்பதால் பயம் குறைவு.

இரண்டு பெட்ரோல் இன்ஜின் உள்ள சின்ன விமானங்கள்: இன்ஜின்கள் இறக்கையில் தள்ளி இருப்பதால், பெரும்பாலும் மூக்குப் பகுதியில் தனியாக ஒரு பெட்ரோல் அடுப்பு வைத்திருப்பார்கள்.

பெரிய ஜெட் விமானங்கள்: இன்ஜினுக்குள் பெட்ரோலிய எண்ணெய் கலப்பதற்கு முன்பே, அழுத்தியதால் சூடான காற்றிலிருந்து கொஞ்சம் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் அடிப்பாகம் சுடுமே, அதே தத்துவம். மதுரையிலிருந்து விமானத்தில் போகிறவர்களுக்குக் கிடைக்கும் கதகதப்பு பெரும்பாலும் இப்படித்தான்.

தகட்டில் கீறல் விழுந்தால்?

இதுதான் கட்டுரையின் முக்கியமான இடம். இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

அண்ணாச்சி கடை பாய்லரில் நடுக் குழாய் ஓட்டையானால் என்ன ஆகும்? தண்ணீர் ஒழுகி நெருப்பு அணைந்துவிடும், இல்லையென்றால் டீயில் சாம்பல் வரும். உடனே தெரிந்துவிடும். விமானத்தில் அப்படித் தெரியாது.

புகைக்கும் விமானி சுவாசிக்கும் காற்றுக்கும் நடுவில் இருப்பது எவர்சில்வர் மாதிரியான ஒரு மெல்லிய தகடு மட்டும்தான். ஒவ்வொரு முறை பறக்கும்போதும் அது பழுக்கக் காய்ந்து, பிறகு ஆறுகிறது. கூடவே இன்ஜின் அதிர்வு. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் ஒடிந்துவிடும் அல்லவா? அதுபோல பற்றவைத்த இடத்தில் ஒரு நாள் முடி போலக் கீறல் விழும். அதன் வழியாகப் புகை, சூடான காற்றோடு கலந்து உள்ளே வரும்.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின் என்று பாடத்தில் படித்தோம். கார்பன் மோனாக்சைடு அதோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கத் துண்டு போடுகிற மாதிரிதான். ஒரு தடவை போட்டுவிட்டால் ஆக்சிஜனுக்கு இடம் கிடைக்காது. சுத்தமான காற்றுக்கு வந்த பிறகும் பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும்.

முதலில் தலைவலி. அடுத்து தலைசுற்றல், குமட்டல், சோர்வு. பிறகு தூக்கம். மோசமான விஷயம் என்னவென்றால், எதையும் யோசித்து முடிவெடுக்கும் மூளையைத்தான் அது முதலில் மந்தமாக்குகிறது. "ஏதோ சரியில்லை" என்று நினைப்பதற்குக்கூட மூளை வேண்டுமே! மேலே ஏற்கெனவே ஆக்சிஜன் கம்மி, அதனால் கீழே தாங்குகிற அளவுகூட அங்கே தாங்காது. குளிர்காலத்தில்தான் ஹீட்டரைத் திறப்பார்கள், எல்லா இடுக்குகளையும் அடைத்தும் வைத்திருப்பார்கள்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு எங்கள் அறை ஞாபகம் வந்தது. கங்கு, சாத்திய கதவு, ஜன்னலில் துண்டு, உயரமான மலை, காலையில் கனத்த தலை. கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

உண்மையில் நடந்தவை

1. தூங்கியபடியே இறங்கிய டாக்டர்

1997 டிசம்பரில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு டாக்டர், தன் பைப்பர் கோமாஞ்சி விமானத்தில் தனியாகப் பறந்தார். தானாக ஓட்டும் கருவியைப் போட்டுவிட்டிருந்தார். ஹீட்டரில் வந்த கார்பன் மோனாக்சைடு அவரைத் தூங்க வைத்துவிட்டது. விமானம் அவர் போக வேண்டிய ஊரைத் தாண்டி, அடுத்த மாநிலமான மிசௌரிக்குள் போய்விட்டது. பெட்ரோல் தீர்ந்தது. இன்ஜின் நின்ற விமானம் தானே மெல்ல மிதந்து இறங்கி ஒரு புல்வெளியில் போய் விழுந்தது. கண் விழித்தவர் காயங்களோடு எழுந்து நடந்து, ஒரு விவசாயி வீட்டுக் கதவைத் தட்டினார்! சைலன்சரில் கீறல். பெட்ரோல் தீர்ந்ததும், புல்வெளியில் இறங்கியதும் அவர் அதிர்ஷ்டம்.

2. எல்லோருக்கும் அதிர்ஷ்டம் இல்லை

கால்பந்து பார்ப்பவர்களுக்கு எமிலியானோ சாலா பெயர் தெரிந்திருக்கும். அர்ஜென்டினா வீரர், வயது 28. 2019 ஜனவரி 21 இரவு, பிரான்சின் நாந்த் நகரிலிருந்து பிரிட்டனின் கார்டிஃப் நகருக்குப் புதிய அணியில் சேரப் புறப்பட்டார். ஒரே இன்ஜின் உள்ள பைப்பர் மாலிபு விமானம். அது ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. சாலாவின் இரத்தத்தில் ஹீமோகுளோபினில் 58 சதவீதத்தைக் கார்பன் மோனாக்சைடு பிடித்திருந்தது. 50 சதவீதம் தாண்டினாலே பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து.

2020 மார்ச்சில் பிரிட்டன் விமான விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கை வந்தது. வேறு காரணங்களும் இருந்தன: மோசமான வானிலை, அந்த விமானிக்கு இரவில் பறக்க அனுமதி இல்லை. அதோடு, விமானியும் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடால் பாதிக்கப்பட்டிருப்பார் என்று சொன்னார்கள். சத்தம் போட்டு எச்சரிக்கும் கருவி விமானத்தில் இல்லை.

3. ஒரு கணக்கு

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2022 ஜனவரியில் சொன்னது: 1982 முதல் 2020 வரை கார்பன் மோனாக்சைடால் நடந்த விமான விபத்துகள் 31, அவற்றில் இறந்தவர்கள் 42 பேர். அந்த 31 விமானங்களில் கண்டறியும் கருவி இருந்தது ஒன்றே ஒன்றில்தான்.

பிரிட்டனில் 2025 ஜனவரி 1 முதல், விமானம் ஓட்டத் தெரியாத பயணிகளை ஏற்றிச் செல்லும் பெட்ரோல் இன்ஜின் சின்ன விமானங்களில் எச்சரிக்கும் கருவி கட்டாயம்.

கீறலை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் சைக்கிள் கடைக்காரர் பஞ்சரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்குகிறார், குமிழி வந்தால் ஓட்டை. விமான மெக்கானிக்கும் ஏறக்குறைய அதையேதான் செய்கிறார். உறையைக் கழற்றி, புகைக் குழாய்க்குள் மெதுவாகக் காற்றை ஊதி, மேலே சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கிறார். நுரை பொங்கினால் அங்கே கீறல். எவ்வளவு பெரிய விமானம், எவ்வளவு எளிய வழி!

ஆனால் இன்றைக்குச் சோதித்துவிட்டோம் என்றால் நாளைக்குக் கீறாது என்று அர்த்தமில்லை. அதனால் கருவியும் வேண்டும். இரண்டு வகை உண்டு. ஒன்று, அட்டையில் ஒரு பொட்டு, வாயு பட்டால் கறுத்துவிடும். விலை குறைவு, ஆனால் நாம்தான் பார்க்க வேண்டும், தூங்கிக்கொண்டிருப்பவனை அது எழுப்பாது. இன்னொன்று பாட்டரியில் ஓடுவது, வாயு ஏறினால் கத்தும். இதுதான் நல்லது.

அமெரிக்காவில் 2017 வரை இருந்த விதிப்படி, சின்ன விமானத்தின் உள்ளே 20,000 பங்கு காற்றில் 1 பங்குக்கு மேல் கார்பன் மோனாக்சைடு இருக்கக் கூடாது. மூன்று லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு மாதிரி. அவ்வளவு கண்டிப்பு!

விமானி என்ன செய்ய வேண்டும்?

தலை வலித்தாலோ, புகை வாசம் வந்தாலோ, கருவி கத்தினாலோ:

1. ஹீட்டரை உடனே அடைக்க வேண்டும்.
2. குளிர்ந்த காற்றுத் துளைகளையும், முடிந்தால் ஜன்னலையும் திறக்க வேண்டும். எவ்வளவு குளிர் அடித்தாலும் பரவாயில்லை.
3. ஆக்சிஜன் இருந்தால் மாட்டிக்கொள்ள வேண்டும்.
4. கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருக்கும் விமான நிலையத்தில் இறங்க வேண்டும்.
5. இறங்கியபின் "இப்ப சரியாயிடுச்சு" என்று மறுபடி ஏறக்கூடாது. டாக்டரிடம் போக வேண்டும், விமானம் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

முதல் இரண்டைப் பாருங்கள். நடுங்கும் குளிரில் ஹீட்டரை அணைத்து ஜன்னலைத் திறக்க வேண்டும். கொடைக்கானலில் சார் செய்ததும் அதேதான்! அன்றைக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

நமக்கு இதில் என்ன?

"நாங்க எங்க விமானம் ஓட்டப் போறோம்?" என்று கேட்பவர்களுக்கு: விமானம் வேண்டாம், இந்த வாயு நம் பக்கத்திலேயே இருக்கிறது.

* மலைக்குச் சுற்றுலா போகும் இடத்தில் அறைக்குள் கரி அடுப்பு வைக்காதீர்கள். அப்படி வைத்துத் தூங்கி, காலையில் எழாமல் போனவர்கள் பற்றிய செய்தி பேப்பரில் வந்திருக்கிறது. புகை அடங்கிய கங்குதான் பாதுகாப்பானது என்று நினைப்பது தவறு.
* கரண்டு போகும்போது ஓட்டும் ஜெனரேட்டரை மூடிய அறையிலோ, படிக்கட்டுக்கு அடியிலோ வைக்கக்கூடாது. நம் பகுதியில் அச்சகம், தீப்பெட்டி ஆபீஸ், கடை என்று பல இடங்களில் ஜெனரேட்டர் இருக்கிறது. உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவர்களிடம் சொல்லுங்கள்.
* மூடிய ஷெட்டில் காரை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு உள்ளே தூங்கக்கூடாது.
* ஒரே அறையில் இருக்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், காய்ச்சல் என்று போர்த்திப் படுக்காதீர்கள். முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள்.

பட்டாசுப் பகுதியில் வாழும் நமக்கு நெருப்பு என்றால் சத்தம், வெளிச்சம், புகை. அதற்குப் பயப்படச் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டோம். சத்தமும் புகையும் இல்லாத நெருப்புக்கும் பயப்பட வேண்டும் என்று நான் இந்த வருடம்தான் கற்றுக்கொண்டேன்.

செய்து பார்

ஒரு எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் ஊற்றி, பச்சைத் தண்ணீர் உள்ள கிண்ணத்தின் நடுவில் வைக்கவும். வெந்நீரில் கொஞ்சம் மஞ்சள்தூள் கலக்கவும். ஐந்து நிமிடம் கழித்துக் கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். சூடு வந்திருக்கும், மஞ்சள் வந்திருக்காது. விமான ஹீட்டர் இவ்வளவுதான். அடுத்து, அடியில் ஊசி ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் டம்ளரில் செய்து பாருங்கள். மஞ்சள் மெல்லப் பரவும். மஞ்சளுக்கு நிறம் இருப்பதால் நமக்குத் தெரிகிறது. நிறம் இல்லாவிட்டால்?

யோசித்துப் பார்

1. கொடைக்கானலில் 9 டிகிரி இருக்கும்போது, அதற்கு 1,000 மீட்டர் மேலே எவ்வளவு இருக்கும்?
2. கார் ஹீட்டரைவிடச் சின்ன விமான ஹீட்டரில் ஆபத்து அதிகம். ஏன்?
3. கறுக்கும் பொட்டு அட்டையைவிடச் சத்தமிடும் கருவி நல்லது. ஏன்?

(விடைகள் கட்டுரையிலேயே உள்ளன. சரியாக எழுதி இதழ்ப் பெட்டியில் போடும் மூன்று பேரின் பெயர் அடுத்த இதழில் வரும்.)

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரையைச் சாரிடம் காட்டியபோது முழுவதும் படித்துவிட்டு, எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினார். "சார், அன்னைக்கு நீங்க வரலைன்னா?" என்று கேட்டேன். அதற்குச் சார் பதில் சொல்லவில்லை. "போ, போய்ச் சுவர்ல ஒட்டு" என்றார்.

ஒட்டிவிட்டேன். நீங்களும் படித்துவிட்டீர்கள். வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்